கைபேசியை அணைத்துவிட்டு ஓர் ஒத்திகை

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கடலோர மாவட்டங்களில் பேரிடர் ஒத்திகைகள் நடக்கும். மீட்புப் படையினர் ரப்பர் படகில் ஆட்களை ஏற்றி இறக்குவார்கள். தீயணைப்பு வீரர்கள் மாடியிலிருந்து கயிறு கட்டி இறங்குவார்கள். 108 ஆம்புலன்ஸ் சைரனோடு வந்து நிற்கும். ஆட்சியரோ கோட்டாட்சியரோ பார்வையிடுவார். 2025 மே 7 அன்று நாடு முழுக்க நடந்த குடிமைப் பாதுகாப்பு ஒத்திகையில் தமிழ்நாட்டிலிருந்து கல்பாக்கமும் சென்னையும் இடம்பெற்றன. எல்லாம் தேவையானவைதான். ஆனால், இப்படிப்பட்ட ஒத்திகைகள் பெரும்பாலும் ஒன்றைச் சொல்லாமலே நம்பிக்கொள்கின்றன: அன்றைக்குப் போன் வேலை செய்யும் என்று. படகு எங்கே நிற்கிறது, முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள், ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டதா என்பதெல்லாம் கைபேசியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் ஓடிக்கொண்டிருக்கும். நிஜப் புயலன்று முதலில் படுத்துவிடுவது அந்தக் கைபேசிதான். அது படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதை ஒத்திகை பார்க்காத நிர்வாகம், பேரிடரின் மிகக் கடினமான பகுதியை ஒத்திகை பார்க்கவே இல்லை.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது மாநிலத் தலைநகரிலேயே கைபேசியும் இணையமும் முடங்கின. பணமதிப்பிழப்பு அறிவிப்பு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ரொக்கமில்லாமல் அட்டையை நீட்டியவர்களுக்குக் கடையில் பால்கூடக் கிடைக்காத நாள்கள் அவை. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. டெல்டாவின் உள்கிராமங்கள் பலவற்றின் நிலை வெளியே தெரிய நாள்கள் ஆயின. இதில் மர்மம் ஏதுமில்லை. கைபேசிக் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டர். அதற்கு டீசல் கொண்டுபோகச் சாலை வேண்டும். சாலையில் மரம் விழுந்து கிடக்கும். கோபுரம் தப்பினாலும் அதை மற்றவற்றோடு இணைக்கும் கண்ணாடியிழை கேபிள் பல இடங்களில் கம்பத்தோடு கம்பமாகத்தான் போகிறது. கம்பம் சாய்ந்தால் அதுவும் அறுந்துவிடும். எல்லாமே பிழைத்துக்கொண்டால்கூட, ஊரே ஒரே நேரத்தில் அழைக்கும்போது யாருக்கும் லைன் கிடைக்காது.

ஹாம்கள் என்று அழைக்கப்படும் அமெச்சூர் வானொலியாளர்களின் தேவை இங்கேதான் வருகிறது. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வில் தேறி, உரிமமும் தங்களுக்கென்று ஓர் அழைப்புக் குறியீடும் பெற்று, காசு வாங்காமல் வானலையில் பேசுகிறவர்கள் இவர்கள். 12 வயது நிரம்பியவர் தேர்வு எழுதலாம். ராஜீவ் காந்தி உரிமம் வைத்திருந்தார், கமல்ஹாசனும் வைத்திருக்கிறார். இவர்களின் கருவி எவ்வளவு எளியது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸில் பேச, பக்கத்துக்குப் பத்து மீட்டர் வீதம் இருபது மீட்டர் செம்புக் கம்பி போதும். நடுவில் கேபிளைப் பற்றவைத்து, இரு முனைகளிலும் நைலான் கயிறு கட்டி, இரண்டு தென்னைகளுக்கு இடையே ஆறேழு மீட்டர் உயரத்தில் இழுத்துக் கட்டினால் ஆன்டெனா தயார். மின்சாரத்துக்கு ஒரு கார் பேட்டரி. கம்பி இவ்வளவு தாழ்வாக இருப்பது இங்கே குறையும் இல்லை. அலை ஏறக்குறைய நெட்டுக்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றிலும் முந்நூறு நானூறு கிலோமீட்டருக்குக் குடை விரித்தாற்போல் இறங்கும். வேதாரண்யத்திலிருந்து சென்னைக்குப் பேச நடுவில் ஒரு கோபுரமும் வேண்டாம். இரவானால் இந்த அலைவரிசை பக்கத்து ஊர்களுக்குக் கைகொடுக்காது, 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டியிருக்கும். எப்போது மாறுவது என்று பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் பழக்கம் எங்கே, எப்படி உதவியது என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் தொடக்கத்தில் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம் குழு ஒன்று போர்ட் பிளேர் போயிருந்தது. அந்தமானில் ஹாம்கள் ஒலிபரப்ப நெடுங்காலம் அனுமதி கிடைக்காமல் இருந்ததால், அங்கிருந்து ஒலிக்கும் குரலைப் பிடிக்க உலகமெங்கும் உள்ள ஹாம்கள் காத்துக்கிடந்தார்கள். அந்த உற்சாகத்துக்கு நடுவே டிசம்பர் 26 ஆழிப்பேரலை வந்தது. மற்றத் தொடர்புகள் அறுந்த நேரத்தில், ஆன்டெனாவும் கருவியும் ஆட்களும் தயாராக இருந்த அந்த நிலையம் வேடிக்கையை நிறுத்திவிட்டுத் தீவுகளுக்கும் தாய்நிலத்துக்கும் இடையே நிவாரணச் செய்திகளையும், உறவினர்கள் இருக்கிறார்களா என்ற விசாரிப்புகளையும் கடத்தியது. அதே நாள்களில் இலங்கையிலும் அம்பாந்தோட்டைப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு ஹாம்கள் தகவல் அனுப்பினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவின்போது கல்பற்றா ஆட்சியர் அலுவலகத்தில் ஹாம் நிலையம் ஒன்று இயங்கியது. சூரல்மலையிலிருந்து வந்த செய்திகளை அங்கே கொண்டுசேர்க்க உதவியது, அம்பலவயல் பக்கத்தில் பொன்முடிக்கோட்டையில் உள்ளூர் ஹாம்கள் முன்பே நிறுவியிருந்த, வரும் அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர். அந்தமானில் குழு அங்கே இருந்தது தற்செயல். வயநாட்டில் ரிப்பீட்டர் இருந்தது சிலரின் ஆர்வம். இரண்டிலும் அரசின் திட்டமிடலுக்குப் பங்கு குறைவு. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதைவிட, கவலையோடு பார்ப்பதே சரி.

கருவி வாங்கி அலமாரியில் வைத்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. இரைச்சல் நிறைந்த அலைவரிசையில் ஒரு தகவலைப் பிசகாமல் கடத்துவது தனித் திறன். வேதாரண்யத்தை ஒட்டிக் கோடியக்கரையும் இருக்கிறது, கோடியக்காடும் இருக்கிறது. கடைசி இரண்டு எழுத்து இரைச்சலில் கரைந்தால் பால் பவுடர் தவறான ஊருக்குப் போகும். ‘பாராசிட்டமால் 500’ என்று ஒருவர் சொன்னால், அது ஐந்நூறு மாத்திரையா, 500 மில்லிகிராம் மாத்திரையா? அதனால்தான் பழகிய ஹாம்கள் செய்தியை எழுதிவைத்துக்கொண்டு படிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண், அனுப்பியவர் பதவி, பெறுபவர் பதவி, நேரம், அவசரத் தரம் உண்டு. கேட்டவர் முழுவதையும் திருப்பிச் சொல்ல, அனுப்பியவர் சரி என்ற பிறகே அது போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. ஒரே அலைவரிசையில் இருபது பேர் இருந்தால் ‘நெட் கன்ட்ரோல்’ என்ற ஒருவர் யார் எப்போது பேசலாம் என்று முறை வைப்பார். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. உயிர் போகிற செய்தி இருப்பவர் மட்டும் ‘பிரேக்’ சொல்லி நுழையலாம். ஆனால் தாசில்தார் அலுவலகத்தில் இருப்பவருக்கு இந்த முறை தெரியாது. தகவலை என்ன வடிவில் எழுதிக் கொடுத்தால் வேகமாகப் போகும் என்று அவருக்கும் யாராவது காட்ட வேண்டும். ஹாம் தனியாக வீட்டில் எவ்வளவு பழகினாலும், அரசு அலுவலரோடு சேர்ந்து செய்யும் ஒத்திகைக்கு அது ஈடாகாது.

உரிமம் பெற்ற ஹாம்கள் ஏழு லட்சத்துக்கும் மேல் உள்ள அமெரிக்காவில், 1933 முதல் ஜூன் மாத வாரக் கடைசி ஒன்றில் அவர்கள் வெட்டவெளிக்குப் போய், தற்காலிக ஆன்டெனா கட்டி, பேட்டரியிலும் ஜெனரேட்டரிலும் நிலையம் நடத்திப் பழகுகிறார்கள். ஆண்டுக்கொரு முறை உள்ளூர் நிர்வாகங்களோடு சேர்ந்து கற்பனைப் பேரிடர் ஒன்றை வைத்தும் சோதித்துப் பார்க்கிறார்கள். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவின் கைபேசிக் கோபுரங்களில் 95 சதவீதத்தை முடக்கியபோது, செஞ்சிலுவைச் சங்கம் கேட்டதும் 22 ஹாம்கள் தீவுக்குப் போக முடிந்தது இந்தப் பழக்கத்தால்தான். சர்வதேச வானொலி விதிகளிலும் இதற்கு இடமிருக்கிறது. 2003-இல் நடந்த உலக மாநாட்டில் திருத்தப்பட்ட 25-ஆவது பிரிவு, பேரிடர் நிவாரணத்துக்கு அமெச்சூர் நிலையங்கள் தயாராகவும் உதவவும் வழிசெய்யுமாறு அரசுகளை ஊக்குவிக்கிறது. உதவுவதற்கு முன்னால் தயாராவதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

எதிர்வாதங்கள் உண்டு, சில வலுவானவை. முதலாவது, ஆட்சியரிடம் சாட்டிலைட் போன் இருக்கிறது, காவல் துறையிடம் மைக் இருக்கிறது, செயற்கைக்கோள் இணையமும் வரப்போகிறது, இன்னும் எதற்கு இந்தப் பழைய சமாச்சாரம் என்பது. சாட்டிலைட் போன் நல்ல கருவிதான். ஆனால் அது ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கானது, திறந்த வானம் வேண்டும், மாவட்டத்துக்குச் சிலதான் இருக்கும். புயல் பாதுகாப்பு மையத்தில் ஆயிரம் பேரோடு மாட்டிக்கொண்ட கிராம நிர்வாக அலுவலரின் கையில் அது இருக்காது. காவல் துறை வயர்லெஸ் அன்றைக்குத் தன் வேலையிலேயே திணறிக்கொண்டிருக்கும். மின்வாரிய உதவிப் பொறியாளரும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் அதில் இல்லை. வானொலியில் ஒருவர் பேசினால் வலையில் இருக்கும் அத்தனை பேரும் கேட்கிறார்கள். எந்தப் பாலம் உடைந்தது என்பதை ஒருமுறை சொன்னால் போதும். செயற்கைக்கோள் இணையம் வந்தால் வரட்டும், அது பல வேலைகளை ஹாம்களைவிட நன்றாகவே செய்யும். ஒரே வழியை நம்பியிருந்ததால் வந்த சிக்கலுக்கு, அந்த ஒன்றை வேறொன்றால் மாற்றுவது மட்டும் தீர்வாகிவிடாது.

இரண்டாவது, பாதுகாப்பு. நீண்ட கடற்கரை, அணுமின் நிலையங்கள், பக்கத்தில் இன்னொரு நாடு. கண்ட கையில் டிரான்ஸ்மிட்டரா என்ற கவலை நியாயமானது. ஆனால் உரிமம் பெற்ற ஹாம், அரசு விசாரித்துப் பெயரும் முகவரியும் பதிவுசெய்த ஆள். பொருளை மறைக்கும் சங்கேத மொழியில் அவர் பேசக் கூடாது என்று விதியே இருக்கிறது. சொல்வதெல்லாம் திறந்த காற்றில், யாரும் கேட்கும்படி போகிறது. ஒளிந்து பேச நினைப்பவர் தேர்வு எழுதிக் குறியீடு வாங்கிக்கொண்டு வரமாட்டார். இந்தக் கவலை மிகுந்திருந்த அந்தமானிலேயே ஹாம் நிலையம் எதற்குப் பயன்பட்டது என்பதையும் பார்த்தோம். இந்தத் திறந்த தன்மையால் வேறொரு சிக்கல் வரும்: இறந்தவர் பெயரையும் நோயாளியின் விவரத்தையும் ஊரறியச் சொல்ல முடியாது. எதை அனுப்பலாம், எதை எண் குறித்து ஆள்வழி அனுப்புவது என்று முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். அதற்கும் ஒத்திகைதான் இடம்.

மூன்றாவது எதிர்வாதம்தான் கனமானது. தன்னார்வலரை நம்பி அரசு திட்டம் போடலாமா? சம்பளம் வாங்காதவர் வராமல் போனால் யார் கேட்பது? புயலன்று அவர் வீட்டுக் கூரையும்தான் பறக்கும். உற்சாகத்தில் கருவியைத் தூக்கிக்கொண்டு யாரும் கேட்காமல் களத்துக்குப் போய், மீட்புப் படைக்குச் சோறும் இடமும் தேடவேண்டிய கூடுதல் ஆளாக நிற்பவர்களும் உண்டு. ஹாம்கள் தங்கள் சாதனையைச் சற்றுப் பெரிதாகவே சொல்லிக்கொள்வார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பொழுதுபோக்கில் ஊறியவர்கள் எல்லோருக்கும் உள்ள பலவீனம் அது. ஆனால் இந்தக் குறைகள் ஒவ்வொன்றும் ஒத்திகையின் தேவையைத்தான் கூட்டுகின்றன. யார் வருவார்கள், யார் பேச்சோடு நிற்பார்கள் என்பது இரண்டு ஒத்திகையில் தெரிந்துவிடும். நாகப்பட்டினத்து ஹாம் வீட்டைக் காப்பாற்ற வேண்டியிருந்தால், திருச்சியிலும் மதுரையிலும் இருப்பவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே நெட் கன்ட்ரோலாக இருக்கலாம். சிற்றலைக்கு அந்தத் தூரம் பொருட்டே இல்லை. யாருடைய உத்தரவின்பேரில் கிளம்புவது, யாரிடம் போய்ப் பெயர் பதிவது என்பதையும் ஒத்திகையிலேயே பழக்கிவிடலாம். நம்மிடம் ஹாம்கள் குறைவு, அவர்களிலும் பலர் மூத்தவர்கள் என்பது உண்மை. வேலை கொடுத்தால்தான் இளைஞர்கள் வருவார்கள். பொறியியல் கல்லூரி மாணவருக்கு, தேர்வு எழுதி உரிமம் வாங்கிய மறு ஆண்டு மாவட்டப் பேரிடர் மையத்தில் ஒரு நாற்காலி காத்திருக்கிறது என்பது சான்றிதழைவிடப் பெரிய ஈர்ப்பு.

செலவு பெரிதில்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். அவர் அலுவலக மொட்டைமாடியில் நிரந்தரமாக ஓர் ஆன்டெனா, அதிலிருந்து அவசரகால மையத்துக்கு இறங்கும் கேபிள், ஒரு பேட்டரி, உரிமம் உள்ளவர்களின் பட்டியல்; இவ்வளவுதான் தொடக்கத்துக்குத் தேவை. பிறகு அக்டோபருக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. புயல் பாதுகாப்பு மையங்களிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ள அலுவலர்களின் கைபேசிகளை இரண்டு மணி நேரம் வாங்கி வைத்துவிட்டு, முன்பே எழுதி உறையிலிட்ட முப்பது தகவல்களை ஹாம்கள் வழியாக மட்டும் அனுப்பச் சொல்லலாம். எத்தனை வந்து சேர்ந்தன, எத்தனை பிழையோடு வந்தன, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்து, அந்தத் தாளை அப்படியே வெளியிட வேண்டும். முதல் ஆண்டு பாதி தேறினாலே ஆச்சரியம். வேதாரண்யமோ சீர்காழியோ, ஏதாவது ஒரு வட்டத்தில் இந்த ஆண்டே தொடங்கிவிடலாம். புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது.