கடைமடைக்கு எட்டாத எச்சரிக்கை

2025 நவம்பர் 28ஆம் திகதி கிழக்குக் கரையினூடாக நாட்டிற்குள் புகுந்த டித்வா சூறாவளி 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. இருபத்தைந்து மாவட்டங்களில் ஒன்றேனும் பாதிப்பிலிருந்து தப்பவில்லை. கட்டடங்கள், வீதிகள், விளைநிலங்கள் ஆகியவற்றுக்கு ஏற்பட்ட நேரடிச் சேதத்தை மட்டும் உலக வங்கி 410 கோடி அமெரிக்க டொலர் என மதிப்பிட்டது. இது நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ நான்கு சதவீதமாகும். கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் மண்சரிவில் குடும்பம் குடும்பமாக மக்கள் புதையுண்ட வேளையில் நாட்டின் கவனம் முழுவதும் மலையகத்தை நோக்கித் திரும்பியது நியாயமானதே. ஆயினும் மலையகத்தில் பெய்த அதே மழை ஓரிரு நாட்களின் பின்னர் எங்கே வந்து சேர்ந்தது என்ற கேள்விக்குத் தேசிய மட்டத்தில் போதிய கவனம் கிடைக்கவில்லை. அது கொட்டியாரக் குடாவுக்கே வந்து சேர்ந்தது. வெருகல், சேருவில, மூதூர், கிண்ணியா பிரதேசங்களின் ஊர்களையும் வயல்களையும் மூழ்கடித்த பின்னரே அது கடலைச் சென்றடைந்தது.

இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி மூதூருக்கு அருகே கடலில் கலக்கிறது. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கின் மழைநீர் இந்த ஒரே ஆற்றில் வந்து சேர்கிறது. எமது மக்கள் இதனை மகாவலி என்று சொல்வதைவிடக் கங்கை என்று சொல்வதே வழக்கம். கிண்ணியாவின் ஒருபுறம் இந்தக் கங்கையும் மறுபுறம் கந்தளாய்ப் பக்கத்திலிருந்து வரும் வடிச்சல் நீரைத் தாங்கும் தம்பலகாமக் குடாவும் வடக்கே கடலும் அமைந்திருக்கின்றன. களப்போரத்துக் குறிஞ்சாக்கேணி போன்ற ஊர்களுக்கு மேலிருந்து வரும் வெள்ளம் ஒரு சோதனை என்றால், சூறாவளிக் காலத்தில் உயர்ந்து நிற்கும் கடல் அந்த வெள்ளத்தை உள்வாங்க மறுப்பது இன்னொரு சோதனையாகும். இங்கு வெள்ளம் வருவது மட்டுமன்றி, வந்த வெள்ளம் வடியாமல் நிற்பதும் அழிவுக்குக் காரணமாகின்றது.

இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உள்ளது. சூறாவளி கரையைக் கடந்தது நவம்பர் 28இல். மாவிலாற்றின் அணைக்கட்டு உடைப்பெடுத்தது நவம்பர் 30இல். இடையில் இரண்டு நாட்கள் இருந்தன. மலைச்சரிவின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு இயற்கை சில நிமிட அவகாசத்தையே அளித்தது. கடைமடையில் வாழ்ந்தவர்களுக்கோ அது நாற்பத்தெட்டு மணித்தியாலங்களை அளித்திருந்தது. மனம்பிட்டியில் ஆற்றின் நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்தது என்பதைக் கொண்டு, மூதூரும் கிண்ணியாவும் எதனை எதிர்கொள்ளப் போகின்றன என்பதை முன்கூட்டியே கணிக்க முடியும். இது புதிய விஞ்ஞானமன்று. நீர்ப்பாசனத் திணைக்களம் நெடுங்காலமாகச் செய்து வரும் அளவீடுதான். அவ்வாறிருந்தும் நெல் மூட்டைகளை உயரத்தில் ஏற்றவும் கால்நடைகளை மேட்டுநிலத்துக்கு ஓட்டவும் முதியோரையும் நோயாளரையும் பத்திரமான இடங்களுக்குக் கொண்டு செல்லவும் இந்த அவகாசம் முழுமையாகப் பயன்பட்டதா? கிராமம் கிராமமாகக் கேட்டறியப்பட வேண்டிய வினா இதுவாகும்.

இந்த வினாவுடன் மொழிப் பிரச்சினையும் பிரிக்க முடியாதவாறு பிணைந்திருக்கின்றது. டித்வா வேளையில் உத்தியோகபூர்வ அறிவித்தல்கள் பல தமிழில் உரிய நேரத்தில் வெளிவரவில்லை என்ற குறை பரவலாக முன்வைக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தச் சட்டம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பெயர்ப்பலகையில் தமிழ் பிழையாக எழுதப்பட்டால் மனம் நோகும். வெள்ள எச்சரிக்கை தமிழில் வராது போனால் உயிர் போகும். தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஆற்று முகத்துவாரப் பகுதிக்கு எச்சரிக்கை எந்த மொழியில் செல்ல வேண்டும் என்பதை அனர்த்தம் நிகழும் வேளையில் யோசித்துக் கொண்டிருக்க முடியாது. மொழிபெயர்ப்பாளரைத் தேடும் நேரத்தில் கங்கை வெருகலைத் தாண்டிவிடும்.

மாவிலாறு என்ற பெயர் இந்நாட்டு மக்களுக்குப் புதியதன்று. 2006 ஜூலையில் விடுதலைப் புலிகள் அங்கே நீரை மறித்ததனால் ஏறத்தாழ 15,000 விவசாயக் குடும்பங்களின் வாழ்வாதாரம் கேள்விக்குள்ளானது. அதனைக் காரணமாகக் கொண்டு மூண்ட மோதலே நான்காம் கட்ட ஈழப்போராக விரிந்தது. அந்த ஓகஸ்ட் மாதத்தில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாயை நோக்கி நடந்தார்கள். சம்பூரையும் மூதூர் கிழக்கையும் சேர்ந்த தமிழ் மக்கள் மட்டக்களப்பை நோக்கி ஓடினார்கள். வராத நீருக்காக அன்று அகதிகளான அதே பிரதேசத்து மக்கள், பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர் தடையின்றி வந்த நீரினால் மீண்டும் இடம்பெயர்ந்தார்கள். போரின்போது ஒவ்வொரு நாளும் செய்தியில் இடம்பிடித்த அந்த அணைக்கட்டின் உறுதியைப் பற்றி, போர் முடிந்த பின்னர் எத்தனை தடவைகள் பேசப்பட்டது?

அணைக்கட்டுப் பராமரிப்பு தொடர்பில் திருகோணமலை மாவட்டத்துக்கு இன்னுமொரு கசப்பான அனுபவம் உண்டு. தமிழ் மரபு குளக்கோட்டனோடு இணைத்துப் பேசுவதும், சிங்கள வரலாறு இரண்டாம் அக்கபோதி மன்னனின் பணியெனக் குறிப்பிடுவதுமான கந்தளாய்க் குளத்தின் கட்டு 1986 ஏப்ரல் 20ஆம் திகதி நள்ளிரவு கடந்த வேளையில் உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆயிரமாண்டு கடந்து நின்ற கட்டும் கவனிப்பாரின்றி விடப்பட்டால் ஓரிரவில் உடையும் என்பதே அந்த அனர்த்தம் புகட்டிய பாடம். புதிய நீர்த்தேக்கத்துக்கு அடிக்கல் நாட்டுவதில் அரசியல்வாதிகளுக்குள்ள ஆர்வம், பழைய கட்டில் வேரோடிய மரத்தை அகற்றுவதில் இருப்பதில்லை. முன்னதற்கு நாடா வெட்டும் விழா உண்டு, பின்னதற்கு இல்லை.

பொறியியலாளர்களின் தரப்பு நியாயத்தையும் நாம் கருத்திற்கொள்ள வேண்டும். விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே, மொரகஹகந்த போன்ற நீர்த்தேக்கங்கள் மின்னுற்பத்திக்காகவும் பாசனத்துக்காகவும் கட்டப்பட்டவை. பெரும்போகத்தை நம்பி நீரைச் சேமிக்கும் மாதத்தில் அவற்றைக் காலியாக வைத்திருக்குமாறு எவரும் கோர முடியாது. டித்வா கொட்டிய மழையை எந்த நீர்த்தேக்கத்தாலும் முழுமையாகத் தாங்கியிருக்கவும் முடியாது. வான்கதவுகளைத் திறக்காதிருந்தால் அணையே போய், அழிவு பன்மடங்காகியிருக்கும். இவையனைத்தும் உண்மையே. ஆனால் எமது வினா கதவு ஏன் திறக்கப்பட்டது என்பதன்று. கதவு திறக்கப்படுவது எவ்வளவு நேரத்துக்கு முன்னர், எவருக்கு, எந்த மொழியில் சொல்லப்பட்டது என்பதும், அந்தத் தீர்மானம் எடுக்கப்படும் மேசையில் கடைமடை விவசாயிக்கு ஒரு நாற்காலியாவது உண்டா என்பதுமே எமது வினாவாகும்.

இவ்வினாவுக்கு விடையளிக்க வேண்டியவர் யார் என்று தேடினால் பல கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கின்றது. பெரிய நீர்த்தேக்கங்கள் மகாவலி அதிகார சபையிடமும், பெரிய குளங்களும் அணைக்கட்டுகளும் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும், சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமும் உள்ளன. மாகாண சபைக்கென இன்னுமொரு நீர்ப்பாசனத் திணைக்களம் இருக்கின்றது. எச்சரிக்கை விடுப்பதற்கு 2005ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அனர்த்த முகாமைத்துவ நிலையம் உண்டு. வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமோ 1924ஆம் ஆண்டுக்குரியது. ஒவ்வொரு நிறுவனமும் தன் எல்லைக்குள் கடமையைச் செய்ததாக அறிக்கை சமர்ப்பிக்கலாம். வெள்ளம் அந்த எல்லைகளை அறியாது. மலையுச்சியிலிருந்து முகத்துவாரம் வரை ஆற்றை ஒரே உடலாகப் பார்க்கும் பொறுப்பு எவரிடமும் முழுமையாக ஒப்படைக்கப்படவில்லை என்பதே அடிப்படைக் குறைபாடாகும்.

வறிய நாடொன்றால் இதனைச் செய்ய முடியாது என்று எவரும் சாக்குச் சொல்வதற்கில்லை. வங்காளதேசத்தின் அனுபவம் எமக்கு முன்னே இருக்கின்றது. 1970 நவம்பரில் வீசிய சூறாவளி அங்கே குறைந்தது மூன்று இலட்சம் மக்களைக் கொன்றது. 1991இல் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தனர். 2007இல் வீசிய சித்ர் சூறாவளியும் மிகக் கடுமையானதே. ஆயினும் அதில் உயிரிழந்தோரின் தொகை சில ஆயிரங்களுக்குள் அடங்கியது. இந்த மாற்றம் தானாக ஏற்பட்டதன்று. 1972இல் தொடங்கப்பட்ட சூறாவளி முன்னாயத்தத் திட்டத்தின் கீழ் இன்று 70,000க்கும் மேற்பட்ட தொண்டர்கள் அங்கே இயங்குகின்றனர். அவர்களில் பெருந்தொகையானோர் பெண்கள். கொடியும் கைஒலிபெருக்கியும் ஈருருளியுமே அவர்களது பிரதான சாதனங்கள். பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகளும் எச்சரிக்கையைக் கொண்டு செல்கின்றன. கிண்ணியாவிலும் மூதூரிலும் பள்ளிவாசலின் குரல் எட்டாத வீடு இல்லை. அயலிலுள்ள தமிழ்க் கிராமங்களில் கோவில்களும் தேவாலயங்களும் இருக்கின்றன. வயல்வெளிகளில் வட்டவிதானைமார் இருக்கின்றனர். செய்தியைக் கொண்டு செல்லும் வழி ஊரில் ஏற்கெனவே இருக்கின்றது. அவ்வழியோடு மனம்பிட்டியின் நீர்மட்ட அளவீட்டை இணைப்பதுதான் எஞ்சியிருக்கும் வேலை.

குறிஞ்சாக்கேணி என்ற பெயரை நாட்டு மக்கள் முதன்முதலில் அறிந்துகொண்ட நாளை இவ்விடத்தில் நினைவுகூராமல் இருக்க முடியாது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பாலப் புனரமைப்புக்காகப் பழைய பாலம் மூடப்பட்டிருந்த நிலையில், மாற்று ஏற்பாடாக இயங்கிய படகுப் பாதை களப்பில் கவிழ்ந்தது. பாடசாலை மாணவர்கள் உட்பட ஆறு பேர் அன்றே மாண்டனர். பின்னர் அத்தொகை மேலும் கூடியது. புயலும் வெள்ளமும் இல்லாத ஒரு சாதாரண நாளில், புத்தகப்பையுடன் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அந்தப் பாலத்தைக் கட்டி முடிப்பதற்குச் சவூதி அபிவிருத்தி நிதியத்தின் கடனுதவிக்கான ஏற்பாடு கைகூடியது 2025ஆம் ஆண்டிலேயே ஆகும். அதே நாட்டின் உதவியுடன் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்து வைக்கப்பட்டமையை இங்குள்ள மக்கள் நன்றியுடன் நினைவுகூருவர். ஆயினும் பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லும் பாலத்துக்கு நான்கு ஆண்டுகள் அயல்நாட்டுக் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது எமது ஆட்சிமுறைக்குப் பெருமை சேர்ப்பதன்று. நீர் சூழ்ந்த பிரதேசத்தில் பாலம் ஓர் அலங்காரமன்று. அதுவே வைத்தியசாலைக்கான வழி, வெள்ளத்தின்போது வெளியேறும் பாதை. ஆகவே பாலத்தையும் வெள்ளத் தடுப்பையும் இரு வேறு கோப்புகளில் வைத்துப் பார்ப்பது தவறாகும்.

நிவாரணத்தைப் பொறுத்தவரை அரசாங்கம் அறிவித்த தொகைகள் முன்னைய அனர்த்தங்களுடன் ஒப்பிடுகையில் தாராளமானவை. வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபா, அழிந்த வீட்டுக்குப் பதிலாக 50 இலட்சம் ரூபா வரை, நெற்செய்கைக்கு ஹெக்டெயருக்கு 1,50,000 ரூபா என்பன அவற்றுள் சில. ஆனால் கொட்டியாரப் பற்றில் காணிப் பத்திரம் என்பது எளிதாகக் கிடைக்கும் ஆவணமன்று. 2004 ஆழிப்பேரலையிலும் 2006 இடப்பெயர்விலும் பத்திரங்களை இழந்தவர்கள் பலர். வயலைக் குத்தகைக்குச் செய்பவருக்கு விதையும் உரமும் உழவுக்கூலியும் தன் செலவு; நட்டஈட்டுப் பதிவேட்டிலோ நிலச்சொந்தக்காரரின் பெயரே இருக்கலாம். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் முதற்கொண்டே குத்தகை விவசாயியின் உரிமை சட்டத்தில் பேசப்படுகின்றது. அது நட்டஈட்டுப் படிவத்திலும் பேசப்பட வேண்டும். மேலும், வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணல் மூடிய வயலுக்கு ஒரு போகத்தின் நட்டஈடு போதாது. மணலை அகற்றாதவரை அடுத்த போகமும் அதற்கடுத்த போகமும் அவ்விவசாயிக்கு நட்டமே. மாடுகளையும் ஆடுகளையும் இழந்த பண்ணையாளர், வலைகளையும் தோணிகளையும் இழந்த களப்பு மீனவர் ஆகியோரின் இழப்பும் நெல்லின் இழப்பைப் போலவே கணக்கில் எடுக்கப்பட வேண்டும்.

அதேவேளை எம்மவர் மீதான பொறுப்பையும் நாம் தட்டிக்கழிக்க முடியாது. வெள்ளம் வடிந்தோடும் தாழ்நிலங்களை மண்ணிட்டு நிரப்பி வளவுகளாகப் பிரித்து விற்றவர்கள் கொழும்பிலிருந்து வந்தவர்கள் அல்லர். வடிகான்களில் குப்பையைக் கொட்டுபவரும், ஆற்றங்கரை அரிக்கப்படுவதைக் கண்டும் காணாதவராய் மணல் அகழ்பவரும், வாக்குக்காக அதனைக் கண்டுகொள்ளாதிருப்பவரும் எம்மிடையேதான் இருக்கின்றனர். நீர் அனைவருக்கும் பொதுவானது, அதை மறிப்பதும் மாசுபடுத்துவதும் பிறர் உரிமையைப் பறிப்பது என்பது இஸ்லாமிய மரபு. குளந்தொட்டு வளம்பெருக்குவதை அறமெனப் போற்றியது தமிழ் மரபு. இவ்விரு மரபுகளுக்கும் உரிமை கோருபவர்கள், நீரின் வழியை அடைத்துவிட்டு நிவாரண வரிசையில் முறையிடுவது பொருத்தமாகாது.

எனவே நாம் வலியுறுத்துபவை சிலவே. மகாவலியின் வான்கதவுகள் பற்றிய தீர்மானங்கள் எடுக்கப்படும் குழுவில் திருகோணமலை மாவட்டச் செயலகத்துக்கும் கமக்கார அமைப்புகளுக்கும் நிரந்தர இடம் வழங்கப்பட வேண்டும். கதவு திறக்கப்படும் செய்தி அதே கணத்தில் தமிழிலும் வெளியிடப்படுவது சட்டக் கடமையாக்கப்பட வேண்டும். மாவிலாற்றின் புனரமைப்பு உடைந்த இடத்தை அடைப்பதோடு நின்றுவிடாமல், மாவட்டத்தின் ஏனைய குளக்கட்டுகளினதும் அணைகளினதும் நிலைமை பரிசோதிக்கப்பட்டு, அதன் முடிவுகள் மக்களுக்குப் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். குத்தகை விவசாயியின் பெயர் நட்டஈட்டுப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

1957இல் வெள்ளம் வந்தது, 2011இல் வந்தது, 2025இல் வந்தது. மீண்டும் வரும். மாவிலாற்று நீரில் சிங்கள விவசாயியும் முஸ்லிம் விவசாயியும் தமிழ் விவசாயியும் ஒருங்கே பயிர் செய்கின்றனர். உடைந்த கட்டு அவர்கள் மூவரின் வயலையும் ஒன்றாகவே மூடியது. ஆகவே இக்கோரிக்கைகளை ஓர் இனத்தின் கோரிக்கைகளாகக் கருதி ஒதுக்கிவிட முடியாது. அடுத்த பெருவெள்ளத்தின்போதும் இயற்கை கடைமடை மக்களுக்கு இரண்டு நாள் அவகாசம் அளிக்கக்கூடும். அந்த இரண்டு நாட்களை அவர்களிடம் கொண்டுசென்று சேர்ப்பது அரசின் பொறுப்பாகும்.