கலிங்கு இல்லாத குளம்

நம் போன்கள் நம்மிடம் அடிக்கடி சொல்லும் பொய் ஒன்று உண்டு. "அனுப்பப்பட்டது." இறந்தகால வினை. காரியம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அந்த எழுத்து திரையில் தெரியும் நேரத்தில், பல சமயம் செய்தி உங்கள் சட்டைப் பையை விட்டே கிளம்பியிருக்காது.

இது என்ஜினியர்கள் பேசித் தீர்க்க வேண்டிய சமாச்சாரம், இலக்கிய இதழில் எதற்கு என்று கேட்கலாம். என்ஜினியர்கள் பேசித் தீர்க்கவில்லை, அதனால்தான் இங்கே வந்தேன். வினைச்சொல்லின் காலத்தை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று கவலைப்படுகிறவர்கள் இங்கேதானே இருக்கிறீர்கள்?

சில வருடங்களுக்கு முன் கோவையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலையில் இருந்தேன். பம்ப் செட்டைப் போனிலிருந்தே போட்டு நிறுத்தும் மொபைல் ஸ்டார்ட்டர் செய்தோம். கோயமுத்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இது பம்புக்குப் பேர்போன ஊர். மும்முனை கரண்டைப் பகலில் சில மணி, ராத்திரியில் சில மணி என்று பிரித்துக் கொடுத்த காலத்தில், நடுச்சாமத்தில் டார்ச் அடித்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்து போய் மோட்டார் போட்டவர்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். அந்த நடையை மிச்சப்படுத்தும் பெட்டி அது. உள்ளே ஒரு சிம் கார்டு. போனில் பட்டனை அழுத்தினால் செய்தி சர்வருக்குப் போய், அங்கிருந்து பெட்டிக்கு வந்து, மோட்டார் ஓடும். நல்ல வேலை. இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

போன் ஆப்புக்கு அடியில், சி மொழியில் எழுதிய ஒரு செய்தி கிளையண்ட் இருந்தது. அதை எழுதியது நான்.

அவிநாசிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் மாமா எங்கள் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர். ஒரு சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆன் பட்டனை அழுத்தினார். "அனுப்பப்பட்டது" என்று வந்தது. சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு தடவை அழுத்தினார். மூன்று தடவையும் அதேதான். தோட்டத்துக்குப் போனால் மோட்டார் ஓடவில்லை. செய்தி போயும் மோட்டார் ஓடவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று முடிவு கட்டினார். சரி, கரண்ட் வருவதற்குள் ஒழுகிக்கொண்டிருந்த டெலிவரி பைப்பைப் பார்த்துவிடலாம் என்று போல்ட்டைக் கழற்றினார்.

வீட்டில் சிக்னல் இல்லை. தோட்டத்தில் இருந்தது. அவர் சட்டைப் பையில் இருந்த போன் சிக்னலைப் பிடித்ததும், முக்கால் மணி நேரத்துக்கு முந்திய கட்டளையை ஒழுங்காக அனுப்பி வைத்தது. மோட்டார் எடுத்தது. தண்ணீர் எகிறிய வேகத்தில் பைப் துள்ளி, வலது கை ஆள்காட்டி விரல் இரண்டு தகட்டுக்கும் நடுவே நசுங்கியது.

மெயினை இறக்காமல் கை வைத்தது அவர் தப்பு என்றது கம்பெனி. கையேட்டில் எழுதியிருந்தது. சரிதான். நானும் அதையேதான் ஆஸ்பத்திரியில் சொன்னேன். "மெயின எறக்கியிருக்கலாமில்லீங்க மாமா?" அவர் கோபப்படவில்லை. "எறக்கியிருக்கோணும் கண்ணு. ஆனா போயிருச்சுன்னு சொல்லுச்சே. போகாம நிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வாரதுக்குள்ள கைய வெப்பனா?"

அந்த ஒரு வார்த்தையை ஏன் சொல்லவில்லை? என் கோடு அப்படி எழுதப்பட்டிருந்தது.

கொஞ்சம் உள்ளே போவோம். வெளியே போக வேண்டிய பாக்கெட்டுகளை உடனே அனுப்ப முடியாது. நெட்வொர்க் தயாராக இருக்க வேண்டும். அதுவரை அவற்றை ஒரு கியூவில் நிறுத்துகிறோம். சியில் இது பாலபாடம். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு ஸ்ட்ரக்ட், அதில் அடுத்ததைக் காட்டும் ஒரு பாயிண்டர், தலையும் வாலும். வாலில் சேர், சாக்கெட் தயார் என்று போல் சொன்னால் தலையிலிருந்து எடுத்து அனுப்பு. நான் எழுதிய சேர்க்கும் ஃபங்ஷன், கியூவில் போட்டதும் சுழியத்தைத் திருப்பித் தரும். சுழியம் என்றால் பிழை இல்லை. மேலே ஆப் எழுதியவர் அந்தச் சுழியத்தைப் பார்த்து "அனுப்பப்பட்டது" என்று எழுதினார். நான் சொன்னது "வாங்கி வைத்துக்கொண்டேன்". அவர் கேட்டது "போய்விட்டது". மாமா புரிந்துகொண்டது "போய்ச் சேர்ந்துவிட்டது". மூன்று வினைச்சொற்கள், ஒரே சுழியம்.

சாக்கெட்டில் எழுதிய பிறகாவது போய்விட்டது என்று சொல்லலாமா? அதுவும் கூடாது. சென்ட் என்ற ஃபங்ஷன் வெற்றி என்று திரும்பினால், உங்கள் பைட்டுகளைக் கெர்னல் தன் பஃபரில் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். மறுமுனை செத்திருந்தால், லினக்ஸின் இயல்பான அமைப்பில் டிசிபி சுமார் 15 நிமிடம் திரும்பத் திரும்ப முயன்ற பிறகுதான் கைவிடும். கால் மணி நேரம் உங்கள் புரோகிராம் நல்ல சேதி கேட்ட முகத்தோடு உட்கார்ந்திருக்கும். மறுமுனையில் இருக்கும் பெட்டியே "கிடைத்தது, மோட்டார் ஓடுகிறது" என்று பதில் அனுப்பும் வரை, இறந்தகாலத்தைத் தொட நமக்கு உரிமை கிடையாது.

என் இரண்டாவது குற்றம் இதைவிடப் பெரியது. அதை அப்போது குணம் என்று நினைத்திருந்தேன். என் கியூ எதையும் மறுக்காது. எதையும் மறக்காது. மெமரி இருக்கும் வரை மாலாக் செய்துகொண்டே போகும். "ஒரு செய்திகூடத் தொலையாது" என்று டெமோவில் பெருமையாகச் சொல்வேன். இன்றும் நேர்முகத் தேர்வுகளில் இளைஞர்கள் இதையே பெருமையாகச் சொல்வதைக் கேட்கிறேன். என் சண்டை இந்தப் பெருமையோடுதான்.

நொய்யல் கரைக் குளங்களைப் பார்த்திருப்பீர்கள். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம். வெட்டியவர்கள் கரையை மட்டும் போட்டுவிட்டுப் போகவில்லை. கலிங்கு வைத்தார்கள். இந்த மட்டத்துக்கு மேல் தண்ணீர் வந்தால் வழிந்து வெளியே போகட்டும் என்ற ஏற்பாடு. கலிங்கு இல்லாத குளம் அதிகத் தண்ணீர் பிடிக்கும் குளம் ஆகிவிடாது. அடுத்த பெருமழையில் கரை உடையும் குளம்தான். எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்து கட்டுவதுதான் கட்டுமானம்.

கம்ப்யூட்டர்க்காரர்களுக்கும் இது புதிதில்லை. 1985 டிசம்பரில் ஜான் நாகிள் எழுதிய ஆர்எஃப்சி 970 என்ற குறிப்பு, மெமரிக்கு எல்லையே இல்லாத ஒரு பாக்கெட் சுவிட்சைக் கற்பனை செய்து பார்க்கிறது. வரத்து அதிகமானால் அது என்ன செய்யும்? எல்லாப் பாக்கெட்டும் கியூவில் நின்று நின்று ஆயுள் முடிந்து, கடைசியில் எதுவுமே உருப்படியாகப் போய்ச் சேராது. இடம் இல்லாமல் தொலைவதற்குப் பதில் காலம் கடந்து தொலையும். எதையும் தொலைக்காத கியூ எல்லாவற்றையும் தொலைக்கும் என்பது ஏறத்தாழ நாற்பது வருடப் பழைய பாடம். நாங்கள் படிக்கவில்லை.

எங்களைப் போன்றவர்கள் பயன்படுத்தும் எம்கியூடிடி என்ற நெறிமுறை 1999-ல் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிப்பதற்காகப் பிறந்தது. சேட்டிலைட் இணைப்பில், குறைந்த டேட்டாவில், செய்தி போய்ச்சேர வேண்டும் என்ற நோக்கம். அதில் "குறைந்தது ஒரு முறையாவது சேர்ப்பேன்" என்று ஒரு தரம் உண்டு. ஒரு முறையாவது என்றால் இரண்டு முறையும் வரலாம் என்றே பொருள். ஆன், ஆஃப் என்று தனித்தனிக் கட்டளை என்றால் பரவாயில்லை. "இருக்கும் நிலையை மாற்று" என்று ஒரே பட்டன் வைத்தவர்கள் கதி? ஓடுகிற மோட்டார் நின்று, நின்ற மோட்டார் ஓடும். செய்திக்குக் காலாவதி நேரம் வைக்கும் வசதியை இதே நெறிமுறை 2019-ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் தரப்படுத்தியது. அதற்குமுன் வேண்டுமென்றவர்கள் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. நான் எழுதிக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். "அப்படின்னா சாவு சேதி தொலையலாமா? காலாவதின்னு தூக்கிப் போட்டுருவியா?" நியாயமான கேள்வி. சாவு சேதி முக்கால் மணி நேரம் தாமதமானாலும் உண்மைதான். "மோட்டாரைப் போடு" என்பது அப்படியல்ல. அது சொன்ன நேரத்துக்கு மட்டும் பொருந்தும் பேச்சு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கியூவுக்குத் தெரியாது. அதற்குப் பைட்டுகள் மட்டுமே தெரியும். அதனால்தான் அனுப்புகிறவர் ஆயுளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், கியூ அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆயுள் கேட்காத கியூ, எல்லாப் பேச்சையும் சாசனம் என்று நினைத்துக்கொள்கிறது.

அந்த விரலுக்குப் பிறகு நான் திருத்தி எழுதியது பெரிய வித்தை இல்லை. கியூவுக்கு ஓர் அளவு வைத்தேன். நிறைந்தால் சுழியம் தராது, பிழையைத் தரும், அழைத்தவர் அதைப் பார்த்தே ஆக வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் காலாவதி நேரம் வைத்தேன். தலையிலிருந்து எடுக்கும்போது காலம் கடந்திருந்தால் அனுப்பாமல் கழித்துவிட்டு, கழித்ததைத் திரையில் சொல்லும். பாதி பைட் போய்விட்ட பாக்கெட்டை மட்டும் கழிக்கக் கூடாது. கழித்தால் பின்னால் வரும் எல்லாமே மறுமுனைக்குக் குழம்பிப்போகும். அதை முழுசாகத்தான் அனுப்பியாக வேண்டும். ஒரே மோட்டாருக்கு இரண்டு கட்டளை காத்திருந்தால் புதியது பழையதை அழிக்கும். காலாவதி நேரத்தைச் செய்திக்குள்ளேயே எழுதிப் பெட்டியையும் பார்க்கச் சொன்னேன். ஏனென்றால் என் கியூவுக்கு அப்பால் கெர்னலில் ஒரு கியூ, சர்வரில் ஒரு கியூ. மேல்குளத்தில் மட்டும் கலிங்கு வைத்து என்ன பிரயோஜனம்? இவ்வளவுக்கும் சேர்த்து இருநூறு வரிகூட வரவில்லை.

சண்டை வந்தது கடைசி மாற்றத்துக்குத்தான். திரையில் மூன்று நிலை கேட்டேன்: காத்திருக்கிறது, கிளம்பியது, மோட்டார் ஓடுகிறது. வேண்டாம் என்றார்கள். "விவசாயிக்குப் புரியாது. பட்டனை அமுத்துனா பச்சை வரணும். அவ்வளவுதான்."

எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. யாருக்குப் புரியாது? பிஏபி பாசனத்தில் நிலத்தை நாலு மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். தன் முறை எப்போது, மேல்மடைக்காரர் அடைத்துவிட்டாரா, திறந்துவிட்ட தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு வாழும் மனிதருக்கு "காத்திருக்கிறது" என்ற சொல் புரியாதாம். திறந்ததும் சேர்ந்ததும் வேறு வேறு என்று ஏ.சி. ரூமில் இருந்த எங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். "பயனருக்குப் புரியாது" என்பது பெரும்பாலும் "எங்களுக்குச் சொல்ல விருப்பமில்லை" என்பதன் மரியாதையான வடிவம். பச்சை விளக்கு விற்கும், "காத்திருக்கிறது" விற்காது. அவ்வளவுதான் விஷயம்.

பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை என்பதுதான் இதில் பயங்கரம். நான் சுழியம் தந்தேன். அவர் பச்சை போட்டார். கம்பெனி கையேடு அச்சடித்தது. ஒவ்வொருவரும் தன் பங்குக்குச் சரியாகத்தான் இருந்தோம். நடுவில் ஒரு வினைச்சொல்லின் காலம் மாறியது, ஒரு மனிதர் அதை நம்பினார்.

உங்களில் பலர் பகலில் கோடு எழுதிவிட்டு ராத்திரியில் கதை எழுதுகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். கதையில் "வந்தான்" என்று போடுவதா "வந்துகொண்டிருந்தான்" என்று போடுவதா என்று அரைமணி நேரம் யோசிக்கிறீர்கள். அந்த அக்கறையில் ஐந்து நிமிடத்தைப் பகல் வேலைக்கும் கொண்டு போங்கள். சேர்க்கும் ஃபங்ஷனுக்கு அனுப்பு என்று பெயர் வைக்காதீர்கள். கியூவில் நிற்பதை நிற்கிறது என்று சொல்லுங்கள். கழித்ததைக் கழித்தேன் என்று சொல்லுங்கள்.

மூன்று நிலை கடைசியில் வந்ததா என்றால், வந்தது. நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்த பிறகு. மாமா இப்போதும் அதே ஸ்டார்ட்டர்தான் வைத்திருக்கிறார். ஆள்காட்டி விரல் மடங்காது என்பதால் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். பச்சை வந்தாலும் நம்புவதில்லை. எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.