அம்மாவிடம் சொன்ன பொய்

எட்டாம் கற்பனையைச் சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் ஒப்பித்தவர்கள்தாம் நாமெல்லோரும். (பிரிவினை சபையார் கணக்கில் அது ஒன்பதாவது.) பொய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். பிறகு வேலைக்குப் போனேன். பாட்டி இறந்துவிட்டதாக ஒரே ஆள் மூன்று முறை கொடுத்த விடுப்பு விண்ணப்பங்களைக் கோப்பில் சேர்த்தேன். அதெல்லாம் அற்பப் பாவம், விட்டுவிடலாம். என்னை உறுத்துவது நல்ல எண்ணத்தோடு சொல்லும் பொய்.

புனித அகுஸ்தினார் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. சுமார் 1600 ஆண்டுகளுக்கு முன் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் இது: நோயில் கிடக்கும் தகப்பன், தன் ஒரே மகன் உயிரோடிருக்கிறானா என்று கேட்கிறான். மகனோ இறந்துவிட்டான். உண்மையைச் சொன்னால் தகப்பன் உயிரும் போய்விடும். தம் மனமே கலங்குவதை அகுஸ்தினார் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் பொய்க்கு அனுமதியில்லை.

எனக்கு இது ஒப்பவில்லை. எபிரேய மருத்துவச்சிகள் பார்வோனிடம் பொய் சொல்லி எபிரேயக் குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். கடவுள் அவர்களுக்கு நன்மையே செய்தார். இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் லெ ஷம்போன் என்ற மலைக்கிராமத்தில் யூதர்களை ஒளித்துவைத்து, பொய்ப் பெயரில் அடையாள அட்டை கொடுத்தார்கள். குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன், அந்த அட்டைகளை எழுதிய கையை நான் முத்தமிடுவேன்.

1992-இல் திருச்சபையின் மறைக்கல்வி நூல் பிரெஞ்சில் முதலில் வந்தது. உடனே வாங்கினேன். உண்மையை அறிய உரிமையுள்ளவரை ஏமாற்றுவதே பொய் என்ற கருத்தில் அதில் எழுதியிருந்தது. 1997 லத்தீன் பதிப்பில் அந்த 'உரிமை'யை எடுத்துவிட்டார்கள். யாருக்கு உரிமை என்று அவரவர் தீர்மானித்தால் எல்லாப் பொய்க்கும் சாக்கு கிடைக்குமே என்பது நியாயம்தான். ஆனாலும் அது இருந்திருக்கவேண்டும் என்பது என் கட்சி. அந்தச் சொல் பொய்யனைத் தப்பவிடும் என்கிறார்கள். என்னை அது தப்பவிடவில்லை.

அந்நூல் வருவதற்கு நாலு வருஷம் முன்பு அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய். "எனக்கு என்னடா வியாதி? மறைக்காம சொல்லு" என்று இரண்டு தடவை கேட்டார். "புண்ணுதாம்மா, ஆறிடும்" என்றேன். டாக்டரும் அண்ணனும் அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள். பொய் அதோடு நிற்கவில்லை. பங்குச்சாமியாரை அழைத்தால் அம்மாவுக்குப் புரிந்துவிடும் என்று அழைக்கவில்லை. காரைக்காலிலிருந்த சின்னம்மாவுக்கும் சொல்லவில்லை. வீட்டுப் பாகத் தகராறில் அக்காவும் தங்கையும் பேசி 11 வருஷமாகியிருந்தது. திடீரென்று வந்து நின்றால் அம்மா என்ன நினைப்பார்? மூன்றாம் வாரம் விடியற்காலையில், பாவசங்கீர்த்தனம் இல்லாமல், அவஸ்தைப்பூசுதல் இல்லாமல் போய்விட்டார்.

பிள்ளைகளைக் கொல்லக் கேட்ட பார்வோனுக்கு உண்மையில் என்ன பாத்தியதை? அம்மா கேட்டதோ தன் சாவை. அதில் அவரைவிட உரிமை யாருக்கு? அவர் மனம் தாங்காது என்று சொல்லிக்கொண்டோம். பன்னிரண்டு பிள்ளை பெற்று ஐந்தைப் புதைத்தவர் அவர். தாங்காதது எங்களுக்குத்தான்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா என்னைக் கேட்டாளாடா?" என்றார்.

"கேட்டாங்க சின்னம்மா, ரெண்டு தடவை" என்றேன்.