அப்டேட்டை நிறுத்தாதீர்கள்

செம்பரம்பாக்கத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகிறவர்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் வருவார்கள். போட்டுக் கொடுத்ததும் பலர் செய்யும் முதல் வேலை, அப்டேட்டை நிறுத்துவது. "நல்லா ஓடுற மெஷின்ல எதுக்கு சார் கை வைக்கணும்?" என்பார்கள். இது தவறு என்பேன்.

2007-ல் சி-டாக் வெளியிட்ட நம் நாட்டு பாஸ் லினக்ஸும், பலர் பயன்படுத்தும் உபுண்டுவும் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டவை. டெபியனில் பல்லாயிரம் பாக்கேஜ்கள் உண்டு. ஒன்றில் பிழை தெரிந்தால் அதன் பொறுப்பாளர் சோர்ஸ் கோடைத் திருத்தி அனுப்புவார். அதை நீங்கள் இன்ஸ்டால் செய்யும் பாக்கேஜாக மாற்றுவது ஆட்டோபில்டர் எனப்படும் கம்ப்யூட்டர்கள். பொறுப்பாளர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் தயாரித்த பாக்கேஜ் அடுத்த வெளியீட்டுக்குச் செல்லாது என்று 2019-ல் விதியே போட்டுவிட்டார்கள். அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அப்படியானால் மெஷினை முழுதாக நம்பலாமா? கூடாது. 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்ற பாக்கேஜில் பின்வாசல் ஒன்று இருப்பது வெளிப்பட்டது. அது ஒளிந்திருந்தது பாக்கேஜைத் தயாரிக்கும் ஸ்கிரிப்டில். பில்டு மெஷின்கள் தம் வேலையை ஒழுங்காகத்தான் செய்தன; விஷத்தையும் சேர்த்தே கட்டி அனுப்பின! கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற புரோகிராமர். ரிமோட் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைப் பார்த்து, சும்மா விடாமல் தோண்டினார்.

இங்கே கவனிக்க வேண்டியது, அது டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரை வந்தது, ஸ்டேபிள் பதிப்புக்கு வரவில்லை. புதிய வெர்ஷன்கள் சோதனைப் பதிப்புகளில் காத்திருந்துதான் அடுத்த ஸ்டேபிளுக்கு வரும். வெளியான ஸ்டேபிளுக்கு வருபவை பெரும்பாலும் பிழைத் திருத்தங்களே. எங்கள் தெருக்காரர்களுக்கு இது உடனே புரிந்தது. லைன் ஓடத் தொடங்குமுன் முதல் பீஸை எடுத்து அளந்து பார்ப்பவர்கள் அல்லவா?

ஆகவே வீட்டுக் கம்ப்யூட்டரில் ஸ்டேபிள் பதிப்பையே போடுங்கள். உபுண்டுவில் செக்யூரிட்டி அப்டேட் தானாகவே நடக்கும். அதை நிறுத்தாமல் இருந்தால் போதும். டெபியன் என்றால் சினாப்டிக்கில் 'அன்அட்டென்டட்-அப்கிரேட்ஸ்' என்ற பாக்கேஜைத் தேடி இன்ஸ்டால் செய்யுங்கள். மாறிய பாக்கேஜ்கள் மட்டுமே டவுன்லோட் ஆகும். கெர்னல் அப்டேட் வந்தால் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஒரு வெளியீட்டிலிருந்து அடுத்ததற்கு மாறுவதை மட்டும் தானியங்கியிடம் விடாதீர்கள். அதை ஒரு லீவு நாளில், போட்டோக்களை வேறு டிஸ்கில் காப்பி எடுத்த பிறகு, நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள்.