பூட்டிய அலமாரியில் மரச்சொப்புகள்



சாரல் தொடங்கிவிட்டது. திருமலைக் குன்றை மேகம் மூடிக்கொண்டிருக்கிறது. இந்த வாரம் வீடு சந்திப்புக்காக நம் தெருக்களில் நடந்தபோது, ஒரே காட்சியைப் பல வீடுகளில் கண்டேன். வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் கேடயங்கள், ஞானஸ்நானப் புகைப்படம், அவற்றுக்கு நடுவே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகள். அலமாரியின் அடியில், தரையில், ஒரு குழந்தை. அதன் கையில் செல்பேசி.

ஒரு வீட்டில் கேட்டேவிட்டேன்: “அந்தச் சொப்பை எடுத்துப் பிள்ளையிடம் கொடுக்கலாமே, அம்மா?”

“ஒடைச்சிருவான் ஐயா” என்று பதில் வந்தது.

பிரியமானவர்களே, பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள கருவி அந்தப் பிள்ளையின் கையில் இருக்கிறது. அதை அவன் உடைத்துவிடுவான் என்ற அச்சம் நமக்கு வரவில்லை. சில நூறு ரூபாய் மரச்சொப்பை உடைத்துவிடுவான் என்று அஞ்சுகிறோம். உண்மையில் நாம் அஞ்சுவது உடைவதற்கு அன்று. பிள்ளை சொப்பை எடுத்தால் சத்தம் வரும், தண்ணீர் சிந்தும், மணல் வீட்டுக்குள் வரும், “அம்மா, நீ சாப்பிட வா” என்று நம்மை அழைக்கும். செல்பேசி நம்மை அழைப்பதில்லை. அது பிள்ளையை அமைதிப்படுத்துகிறது என்கிறோம். நமக்கு ஓய்வு தருகிறது என்று சொன்னால் அதுவே நேர்மை. இதைக் கடுமையாகச் சொல்வதற்காக என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மென்மையாகச் சொல்லிப் பார்த்தாயிற்று.

அந்தச் சொப்பு அலமாரிக்காகச் செய்யப்பட்டதன்று. கடைசல் இயந்திரத்தில் மரத்துண்டு சுழலும்போது அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி நிறமாகப் படியும். அம்மி, ஆட்டுரல், திருகை, குடம், அடுப்பு என ஒரு வீட்டின் சமையலறை முழுவதும் உள்ளங்கையில் அடங்கும் அளவில் உருவாகும். குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்தவர்கள் அருவியில் குளித்து, அல்வாவோடு ஒரு பெட்டி சொப்பும் வாங்கிப் போனது நம் பெற்றோர் காலத்து வழக்கம். மூடி திருகித் திருகித் தளர வேண்டும், குடத்தின் விளிம்பு தேய வேண்டும் என்பதற்காகவே கைவினைஞர் அதைக் கடைந்தார். அது நிறம் மங்காமல் இருபது ஆண்டுகள் கண்ணாடிக்குள் நிற்பது அவருக்கு நாம் செய்யும் மரியாதை அன்று.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. சொப்பு பெண் பிள்ளைக்கு, பந்து ஆண் பிள்ளைக்கு என்று யார் பிரித்தது? தன் மகன் சொப்பில் சோறாக்கி விளையாடுவதைக் கண்டு முகம் சுளித்த தகப்பன்மார் நம் சபையில் உண்டு. உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டுத் தம் சீஷருக்கு உணவு படைத்தாரே. அதை நாம் இழிவாகவா வாசிக்கிறோம்?

இப்போது சகரியா 8-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பிய மக்கள் எருசலேமில் இடிபாடுகளுக்கு நடுவே வாழ்கிறார்கள். தரியு அரசனின் நான்காம் ஆண்டு, அதாவது கி.மு. 518. தேவாலயம் கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. மதில் இன்னும் எழவில்லை. நகரம் மீண்டெழுந்ததற்கு அடையாளமாகக் கர்த்தர் எதைக் காட்டுகிறார்? உயர்ந்த மதிலையா, பொன் பாத்திரங்களையா? நான்காம் வசனத்தில் கோலூன்றிய முதியவர்கள் வீதிகளில் அமர்ந்திருக்கிறார்கள். ஐந்தாம் வசனத்தில் அதே வீதிகள் விளையாடுகிற ஆண் பிள்ளைகளாலும் பெண் பிள்ளைகளாலும் நிறைந்திருக்கின்றன. ஆண் பிள்ளைகள் மட்டும் என்று தீர்க்கதரிசி எழுதவில்லை. படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் என்றும் எழுதவில்லை.

லூக்கா 7-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சந்தைவெளியில் அமர்ந்திருக்கும் சிறுவரை உவமையாக்குகிறார். ஒரு கூட்டம் குழல் ஊதுகிறது, மற்றது ஆட மறுக்கிறது. புலம்புகிறது, மற்றது அழ மறுக்கிறது. கலியாண விளையாட்டும் இழவு விளையாட்டும்! நம் பிள்ளைகளும் பொம்மைக்குக் கலியாணம் செய்து, செத்த அணிலுக்கு அடக்க ஆராதனை நடத்துகிறவர்கள்தாம். விளையாட்டில் எழும் பிணக்கு வரைக்கும் ஆண்டவர் அறிந்திருக்கிறார் என்றால், நாசரேத்தின் தெருவில் அவர் எத்தனை மாலை நின்று பார்த்திருக்க வேண்டும்! தாமே அதில் சேர்ந்து ஆடியும் இருப்பார் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் சபை வரலாறு இதில் முற்றிலும் தூய்மையானது என்று நான் சொல்லமாட்டேன். நாம் மதிக்கும் ஜான் வெஸ்லி 1748-இல் கிங்ஸ்வுட்டில் பள்ளியைத் திறந்தபோது, பிள்ளைகள் அதிகாலை நான்கு மணிக்கு எழ வேண்டும், எந்த நாளும் விளையாட்டுக்கு இடமில்லை என்று விதி வகுத்தார். பெரிய பரிசுத்தவான், ஆனால் இந்தக் காரியத்தில் தவறினார். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பக்தியுள்ள பல வீடுகள் ஞாயிற்றுக்கிழமை எல்லா விளையாட்டுப் பொருளையும் பூட்டிவிட்டு, மரத்தாலான நோவாவின் பேழையை மட்டும் அனுமதித்தன. அது வேதாகமத்தில் இருக்கிறதாம்! பிள்ளைகள் அதை வைத்து என்ன போர் நடத்தினார்களோ, யார் அறிவார். இவர்களுக்கு முன்னரே, 1530-இல், கோபர்க் கோட்டையில் தங்கியிருந்த மார்ட்டின் லூதர் தம் நான்கு வயது மகன் ஹான்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜெபித்து, படித்து, நல்லவர்களாயிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தோட்டம் இருக்கிறது. அங்கே பழங்கள் உண்டு, பொற்கடிவாளம் பூட்டிய குட்டிக் குதிரைகள் உண்டு, ஊதுகுழலும் முரசும் உண்டு என்று வர்ணித்தார். அவுக்ஸ்புர்க்கில் சபையின் எதிர்காலமே விவாதிக்கப்பட்டுக்கொண்டிருந்த கோடை அது. அந்த நெருக்கடியிலும் ஒரு தகப்பனுக்குக் குட்டிக் குதிரையை நினைக்க நேரம் இருந்தது. நமக்கு இல்லை.

இனி நம் வளாகத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் பந்து பட்டு ஆலயத்தின் ஒரு சாளரக் கண்ணாடி உடைந்தது. மறுவாரமே வெளிவாயிலுக்குப் பூட்டு வாங்கினோம். காலி இடத்தில் பூந்தொட்டிகள் வைக்கத் தீர்மானித்தோம். அந்தத் தீர்மானத்தில் என் கையொப்பமும் இருக்கிறது. அன்று மாலை முதல் அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. நான் இந்த வாரந்தான் கண்டேன். நால்வர் ஒரு திண்ணையில், ஒரே திரைக்குள் தலைகளைச் செருகி அமர்ந்திருந்தார்கள்.

நம் தமிழ் முன்னோர் எழுதிய பட்டினப்பாலையில் ஒரு காட்சி உண்டு. முற்றத்தில் உலரும் நெல்லைக் கொத்தவந்த கோழியை விரட்ட, செல்வர் வீட்டுப் பெண்கள் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி எறிகிறார்கள். அது சிறுவர் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரை வழிமறித்துக் கிடக்கிறது. புலவர் அதை ஊரின் செல்வச் செழிப்பாகப் பாடினார். எனக்கோ வேறொன்று தோன்றுகிறது: பிள்ளையின் தேரைத் தடுத்து நிறுத்தியது பொன். நம் ஆலயத்தில் அது பூந்தொட்டியாகவும் பூட்டாகவும் இருக்கிறது.

“புல்லுக்குள் பாம்பு இருக்கிறது, ஐயா” என்கிறீர்கள். மலையடிவாரம், இருக்கத்தான் செய்யும். அதற்குப் புல்லை வெட்ட வேண்டும், பிள்ளையை அடைக்கக் கூடாது. “பெண் பிள்ளைகளை எப்படித் தனியாக அனுப்புவது?” என்கிறீர்கள். இந்த அச்சத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் ஐந்தாம் வசனத்துக்கு முன் நான்காம் வசனம் இருக்கிறதே! பிள்ளைகள் ஆடும் வீதியில் முதியவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் பாட்டிமாரும் நம் சபையில் குறைவா? “பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, நீட்” என்கிறீர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் மாலை முழுவதும் டியூஷன் வைத்துவிட்டு அந்தப் பெயர்களைச் சொல்லாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. அதே வயதினருக்கு நாள்தோறும் மூன்று மணி நேரம் உடலசைவு வேண்டும் என்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு விளையாட்டை உரிமை என்றே எழுதியிருக்கிறது. 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றது. நாம் அதைச் சலுகையாக்கி, மதிப்பெண்ணுக்குப் பரிசாக அளந்து கொடுக்கிறோம்.

தாயக்கட்டை சூதாட்டம் என்று சில மூப்பர்கள் சொல்வார்கள். அவர்களோடு நான் வாதிடப்போவதில்லை. பல்லாங்குழியில் கட்டை இல்லை, புளியங்கொட்டைதான். அதையாவது இரவு உணவுக்குப் பின் தகப்பன்மார் பிள்ளையோடு தரையில் அமர்ந்து ஆடுங்கள். தோற்றும் போங்கள், தகப்பன் சிரித்துக்கொண்டே தோற்பதைப் பிள்ளை ஒருமுறையாவது பார்க்கட்டும்.

தீர்மானத்தைத் திரும்பப் பெறும்படி கமிட்டியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாளரத்துக்குக் கண்ணாடி மாற்றிய செலவை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம். இனி ஒன்று உடைந்தாலும் அப்படியே. பதில் வரும் வரை சாவி என்னிடம் இருக்கிறது. திங்கட்கிழமை மாலை நாலரை மணிக்கு வாயிலைத் திறந்து, ஆறரை மணி வரை வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பேன். சாரல் பெய்தால் ஆலய முகப்புக்கு மாறிக்கொள்வோம். முதியவர்களுக்கு இன்னும் ஆறு நாற்காலிகள் இருக்கின்றன. வரும்போது அலமாரியைத் திறந்து அந்தச் சொப்புகளை எடுத்து வாருங்கள். மணல் நான் கொட்டி வைத்திருக்கிறேன்.