மறைத்து விழுங்கும் மாத்திரை



செய்யாறு, ஆரணி வட்டாரத்தில் மார்க்க விளக்கம் கேட்டு மதரஸாவிற்கு வருவோரிடம் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். வியாபாரம், வட்டி, பாகப்பிரிவினை பற்றியெல்லாம் வெளிப்படையாகக் கேட்பவர்கள், ஒரு நோயைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக் கொள்கிறார்கள். “தெரிந்தவர் ஒருவருக்கு நெஞ்சில் சளி, ஆறு மாதம் மாத்திரை சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள், அவர் நோன்பு வைக்கலாமா?” என்று கேட்பார்கள். நோயின் பெயரைச் சொல்வதில்லை. அந்தத் ‘தெரிந்தவர்’ பெரும்பாலும் அவர்கள் வீட்டில்தான் இருப்பார்.

அந்நோய் காசநோய். உலகில் ஆண்டுதோறும் இந்நோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நம் நாட்டவர். இதற்கு மருந்து உண்டு. அரசு அதனை இலவசமாக வழங்குகிறது. முறையாக உட்கொண்டால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகின்றனர். அவ்வாறிருந்தும் சிகிச்சை பாதியில் முறிகிறது. மருந்தின் குறையைவிட, அம்மருந்தை யாருக்கும் தெரியாமல் விழுங்க வேண்டும் என்று நாம் ஏற்படுத்தி வைத்திருக்கும் நிர்ப்பந்தமே இதற்குப் பெரிய காரணம் என்பது நமது கருத்து.

நலம் பெற்ற பின்னரே தொடங்கும் சோதனை

சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சைக் காலம் ஆறு மாதம். முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகள்; அடுத்த நான்கு மாதங்கள் மூன்று மருந்துகள். நோயாளியின் எடைக்கேற்ப மாத்திரைகளின் எண்ணிக்கை அமையும். ஒரு நாளும் விடாமல் உட்கொள்ள வேண்டும்.

முதல் சில வாரங்களிலேயே காய்ச்சல் தணிந்து, இருமல் குறைந்து, பசி எடுக்கத் தொடங்கும். உடல் தேறிவிட்டது என்று மனம் கூறும். ஆனால் நுரையீரலுக்குள் மிக மெதுவாக வளரும் கிருமிகள் எஞ்சியிருக்கும். அவற்றை அழிப்பதற்காகவே மீதமுள்ள மாதங்கள். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். விட்டுவிட்டு உட்கொண்டால் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் உருவாகக்கூடும். அத்தகைய நோய்க்கு வேறு மருந்துகள் தேவைப்படும். சிலருக்கு அச்சிகிச்சை ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக நீளும்.

செயல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானது, குறைவாயினும் நிலையாகச் செய்யப்படுவதே என்ற கருத்துடைய நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அதனைத் தொழுகைக்கும் திக்ருக்கும் எடுத்துக்காட்டுகிறோம். அன்றாடம் சில மாத்திரைகள் என்ற சிறிய செயலை ஆறு மாதம் இடைவிடாமல் செய்பவரும் அந்த நிலைத்தன்மையைத்தான் கடைப்பிடிக்கிறார். மருத்துவம் செய்து கொள்ளலாமா என்று கிராமப்புற அரபியர் வினவியபோது, செய்து கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக உஸாமா பின் ஷரீக் (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. எனவே, ஓதிப் பார்த்துவிட்டோம், மாத்திரை எதற்கு என்று நிறுத்துவது தவக்குல் ஆகாது. துஆவும் கேட்போம், மாத்திரையையும் விழுங்குவோம்.

வீடே மருத்துவமனை என்று காட்டிய சென்னை

ஒரு காலத்தில் காசநோய் என்றால் ஊருக்கு வெளியே காற்றோட்டமான விடுதியில் மாதக்கணக்கில் தங்க வேண்டும் என்றிருந்தது. 1928இல் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம் அப்படிப்பட்டதுதான். இன்றும் அங்குள்ள ரயில் நிலையம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த எண்ணத்தை மாற்றிய ஆய்வும் நம் மாநிலத்தில்தான் நடந்தது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து சென்னையில் ஓர் ஆய்வு மையத்தை அமைத்தன. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குவது அதுவே. நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டுக் காலம் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தோர் ஏழைகள், நெருக்கமான குடியிருப்பில், எளிய உணவுடன் வாழ்ந்தோர். 1959இல் முடிவுகள் வெளியாயின. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவிற்குக் குணமடைந்திருந்தனர். வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தார்க்கு, சானடோரியம் சென்றவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் தொற்றவில்லை என்பதும் தொடர்ந்த ஆய்வில் தெரிந்தது.

இவ்வளவு நாள் ஆகியும் நம் வீடுகள் சிலவற்றில் நோயாளிக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, தனி மூலை. மருமகளுக்கு நோய் என்றால் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். காசநோய் தட்டினாலோ துணியாலோ பரவுவதில்லை. இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் கலக்கும் நுண்துளிகளால் பரவுகிறது. ஆகவே திறக்க வேண்டியது ஜன்னல். மூட வேண்டியது இருமும் வாய். மருந்துக்குக் கட்டுப்படும் நோயாயின், முறையாக மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடுகிறது. அதுவரை முகக்கவசமும் காற்றோட்டமான தனிப் படுக்கையும் போதும். தட்டைப் பிரிப்பதால் கிருமி தடைபடுவதில்லை. ஒரு மனிதரின் மனம்தான் உடைகிறது.

அன்றாட வாழ்வில் கவனிக்க வேண்டியவை

மறைத்து உட்கொள்பவர் பக்கவிளைவையும் மறைப்பார். ஆபத்து அங்கேதான் உள்ளது. வீட்டார் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றைக் கூறுகின்றோம்.

ரிஃபாம்பிசின் என்ற மருந்து சிறுநீரை ஆரஞ்சு கலந்த சிவப்பாக்கும்; வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம். இரத்தம் என்று அஞ்சி மாத்திரையை நிறுத்துவோர் உண்டு. அது மருந்தின் நிறம். வியர்வை பட்ட சட்டையுடன் தொழலாமா என்ற ஐயமும் வேண்டாம்; மனித வியர்வை தூய்மையானது, மருந்தின் நிறம் கலந்ததால் அது நஜீஸ் ஆகிவிடாது. இதே மருந்து கருத்தடை மாத்திரைகளின் பலனையும் சில சர்க்கரை நோய் மாத்திரைகளின் பலனையும் குறைக்கும். எனவே வேறு எந்த மருந்து உட்கொண்டாலும் மருத்துவரிடம் கூறிவிட வேண்டும். கூச்சத்தால் பெண்கள் இதை விட்டுவிடக் கூடாது.

கால் மரத்துப் போதல், மூட்டு வலி ஆகியவையும் வரலாம். இவற்றுக்குத் தீர்வு உண்டு; மருந்தை நிறுத்துவது தீர்வன்று. ஆனால் தொடர் வாந்தி, பசியே இன்மை, கண்ணில் மஞ்சள் ஆகியவை தோன்றினால் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மஞ்சள் காமாலைதானே என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாள் கடத்துவது உயிருக்கு ஆபத்து.

எத்தாம்புட்டால் என்ற மருந்தைக் குறித்து நெசவாளர்க்குத் தனியே சொல்ல வேண்டும். சிலருக்கு அது பார்வையைப் பாதிக்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் தொடக்கத்திலேயே தடுமாற்றம் தோன்றலாம். பட்டு நெய்பவருக்கு நிறமே பிழைப்பு. ஊடை நூலின் நிறம் மாறித் தெரிந்தால் விளக்கு மங்கல் என்று எண்ணி விடாமல் உடனே மருத்துவரிடம் கூற வேண்டும். உரிய நேரத்தில் மருந்தை மாற்றினால் பெரும்பாலும் பார்வை மீளும்.

வேலையையும் நேரத்தையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்வது நல்லது. மாத்திரையை வெறும் வயிற்றில் உட்கொள்வது சிறந்தது. ஃபஜ்ருத் தொழுகையுடன் அதனை இணைத்துக் கொண்டால் மறதி குறையும்; சிப்காட் தொழிற்சாலைக்குக் காலையில் பேருந்து ஏறும் நம் பெண்பிள்ளைகளுக்கும் அது ஏற்ற நேரம். குமட்டல் மிகுந்தால் சிறிது உணவுடன் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக விழுங்காமல், சுகாதாரப் பணியாளரிடம் கூற வேண்டும். குழித்தறியில் அமர்வோர் உடல் தேறும்வரை நேரத்தைக் குறைத்துக்கொண்டு, தறி அறையின் ஜன்னலைத் திறந்து வைப்பது அவர்களுக்கும் அருகில் பாவு கட்டுவோர்க்கும் நன்மை.

நோன்பும் பள்ளிவாசலும்

இனி, தாழ்ந்த குரலில் கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு வருவோம். நோயாளிக்கு நோன்பை விடும் சலுகையை அல்லாஹ்வே அளித்துள்ளான். பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் இதைக் கூறுகின்றன. எடை குறைந்து, உடல் நலிந்து, நான்கு மருந்துகளை உட்கொண்டிருப்பவர் மருத்துவர் தடுத்த பின்னரும், ஊரார் என்ன நினைப்பார்கள் என்பதற்காக நோன்பு நோற்பது பக்தியன்று. உடல் தேறிய பின் மருத்துவர் அனுமதித்தால், ஸஹரிலோ இஃப்தாருக்குப் பின்னரோ மாத்திரையை எடுத்துக்கொண்டு நோன்பு நோற்கலாம். நோன்பின் பகலில் மாத்திரை விழுங்கினால் நோன்பு முறிந்துவிடும் என்பதை நாம் அறிவோம்.

விட்ட நோன்புகளுக்கு ஃபித்யா கொடுத்துவிட்டால் போதுமா என்றும் கேட்கின்றனர். குணமடைய வாய்ப்பில்லாத நோயாளிக்கே ஃபித்யா. காசநோய் குணமாகக்கூடியது; எனவே நலம் பெற்ற பின் களாச் செய்ய வேண்டும். இச்சட்டத்திற்குள் ஒரு நற்செய்தியும் இருக்கிறது: மார்க்கம் உங்களைக் குணமடையப் போகிறவராகவே கருதுகிறது.

தொற்றும் வாரங்களில் ஜமாஅத்துக்கும் ஜும்ஆவுக்கும் வராமல் வீட்டில் தொழுவதே முறை. பூண்டு உண்டவரைக்கூட அதன் வாடையால் பிறர் துன்புறாதிருக்கப் பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று கூறிய மார்க்கம் இது. மருத்துவர் அனுமதித்த பின் அவர் ஸஃப்பில் வந்து நின்றால், பக்கத்தில் நிற்பவர் விலகாமல் தோளோடு தோள் சேர்ந்து நிற்பதும் முறை.

மறைப்பின் வேர்

“சொன்னால் பெண்ணுக்கு வரன் வராது” என்று பெற்றோர் கூறுவதைப் புறந்தள்ள நம்மால் இயலாது. அந்த அச்சம் உண்மையானது. பிறருடைய குறையை மறைப்பதை மார்க்கம் போற்றுகிறது என்றும் சிலர் வாதிடுவர். ஆனால் நோய் ஒரு குற்றமோ இழிவோ அல்லவே! ஒரே வீட்டில் மூச்சு விடும் குழந்தைகளுக்குத் தொற்றக்கூடியதை மறைப்பது, குறையை மறைப்பதாகாது, பிறருக்குத் தீங்கிழைப்பதாகும்.

மறைக்காதீர்கள் என்றால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவியுங்கள் என்பது பொருளன்று. மருத்துவர், உடன் வசிப்போர், ஒரே அறையில் வேலை செய்வோர் அறிந்தால் போதும். வீட்டார் அறிந்தால்தான் அவர்களுக்கும் பரிசோதனை நடக்கும். நோய் இல்லாதவர்க்குத் தடுப்பு மருந்தும் கிடைக்கும். சிகிச்சை நடக்கும்போது திருமணப் பேச்சு வந்தால், எதிர்த் தரப்பிடம் உண்மையைக் கூறி, முடியும்வரை பொறுக்கச் சொல்வதே நேர்மை. குணமடைந்துவிட்ட பெண்ணையோ ஆணையோ அந்தப் பழைய நோயைக் காட்டி ஒதுக்குவது அநீதி. மறைக்கும் பெற்றோரைக் கண்டிப்பதற்கு முன், அவர்களை மறைக்க வைக்கும் நம் பேச்சை நாம் கண்டித்துக் கொள்ள வேண்டும்.

ஜமாஅத் செய்யக்கூடியது

நலிந்த உடலில் இந்நோய் எளிதில் வேரூன்றும். ஜார்க்கண்டில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொருள்கள் தரப்பட்டன. ஒரு பகுதியில் குடும்பத்தார்க்கும் அரிசியும் பருப்பும் கூடுதலாக வழங்கப்பட்டன. கூடுதல் உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை அது.

அரசு, நிக்‌ஷய் போஷன் திட்டத்தின் கீழ்ச் சிகிச்சைக் காலத்தில் மாதந்தோறும் உதவித்தொகை வழங்குகிறது. 2018இல் 500 ரூபாயாகத் தொடங்கிய அது, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய். வெட்கப்பட்டு அதைக் கேட்காமல் விடுவோர் வேண்டாம். அது அவர்களுடைய உரிமை. தறி நின்றால் கூலி நிற்கும் குடும்பத்திற்கு அது மட்டும் போதாது. ஏழைகளும் தேவையுடையோரும் ஜகாத் பெறத் தகுதியானோர். ஒவ்வொரு மஹல்லாவின் பைத்துல்மாலும், பெயரை வெளியிடாமல், அத்தகைய குடும்பத்துக்கு ஆறு மாதம் முட்டை, பருப்பு, பால், எண்ணெய் கொடுக்க முடியும். ஆண்டில் ஒரு ஜும்ஆ பயானை இதற்கென ஒதுக்கினால், பல வீடுகளில் தாழ்ந்திருக்கும் குரல் சற்று உயரும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம். நோய் உறுதியானால், வீட்டாரை அமர்த்திச் சொல்லுங்கள். சொல்லப்பட்டவர்கள் செய்ய வேண்டியது, காலையில் ஒரு குவளைத் தண்ணீரைத் தாங்களே எடுத்துவந்து, மாத்திரை உள்ளே போகும்வரை பக்கத்தில் அமர்ந்திருப்பது. நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமின் மீது மற்றவருக்குள்ள கடமை. ஒரே கூரையின் கீழ் வாழ்வோர்க்கு அக்கடமை ஆறு மாதமும் உண்டு.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்தம் வீட்டார்க்குப் பொறுமையையும் அருள்வானாக. ஆமீன்.