புருஷனுக்கு ஜீவனாம்சம்

முத்துக்குளித்துறைத் தோழர்களுக்கு நாம் கடல் தொழிலைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை. 1961-க்குப் பின் முத்துச் சலாபம் நின்றுபோயிற்று. ஆயினும் பழைய வழக்கமொன்றைத் தூத்துக்குடிப் பெரியவர்கள் இன்றும் சொல்லுவதுண்டு. கல்லின் பாரத்தால் கடலுக்குள் இறங்குகிறவன், தோணியில் கயிற்றைப் பிடிக்கத் தன் மைத்துனனையே நிறுத்துவானாம். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனும் துணியமாட்டான் என்ற நம்பிக்கைதான் காரணம். மூச்சு முட்டிக் கயிற்றை ஆட்டினால், மேலே இருப்பவன் தூக்கியாகவேண்டும். “உன் தலைவிதி, அடியிலேயே கிட” என்று எவனாவது சொன்னால் அவனைக் கொலைகாரன் என்போம்.

நிற்க. கொற்கை முத்தைப்பற்றி ஓயாது பெருமை பேசும் நம்மவர்கள், அதே தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம் தந்த ஒரு பெண்மணியை மறந்தே போனார்கள். அவர்தான் எஸ். டி. சுப்புலட்சுமி அம்மையார். ‘பவளக்கொடி’ நாடகத்தில் எம். கே. தியாகராஜ பாகவதரோடு நடித்துவந்தவர். அந்நாடகம் 1934-ல் படமானபோது இருவருக்கும் அதுவே முதற்படமாயிற்று. அதை எடுத்த டைரக்டர் கே. சுப்பிரமணியத்தையே பின்னர் அம்மையார் மணந்தார். டைரக்டருக்கு முன்பே ஒரு மனைவி உண்டு. அக்காலச் சட்டத்துக்கு அது விரோதமல்ல. ஆண் எத்தனை தாலி வேண்டுமானாலும் கட்டலாம். பெண்ணோ கழுத்தில் ஏறிய ஒன்றையும் இறக்கமுடியாது. நமது மாகாணத்தில் இருதார மணத்தைத் தடுத்து, இந்துப் பெண்ணுக்கும் விவாகரத்தைக் கொடுத்த சட்டம் 1949-ல்தான் வந்தது.

1936-ல் வந்த ‘பக்த குசேலா’வில் அம்மையாருக்கு இரண்டு வேஷம். இருபத்தேழு பிள்ளைகளைப் பெற்றுப் பட்டினி கிடந்த குசேலர் மனைவியும் அவரே. செல்வத்தை அள்ளிக்கொடுக்கும் கிருஷ்ணனும் அவரே! பெண்ணைக் கருவறைக்குள் விடாத பக்தர்கள், கொட்டகையில் கால் ரூபாய் அரை ரூபாய் கொடுத்துப் பெண்ணையே கடவுளாகக் கண்டு ஆனந்தித்தார்கள். வெளியே வந்ததும் நடிக்கிற பெண்ணைக் ‘கூத்தாடி’ என்று ஏசுவதற்கும் அதே வாய்தான். இதுதான் நம் நாட்டு ஒழுக்கம்!

ஆனால் நாம் முக்கியமாகச் சொல்லவந்தது 1939-ல் வெளியான ‘தியாகபூமி’யைப் பற்றி. கதை கல்கியினுடையது. அவருக்கும் நமக்கும் கொள்கையில் வெகுதூரம். ஆயினும் நியாயத்தை யார் சொன்னாலும் நியாயமே. அதில் அம்மையார் சாவித்திரியாக நடித்தார். கட்டினவன் கொடுமையால் கர்ப்பிணியாய் வெளியேறி அநாதையாய் அலைகிறாள் சாவித்திரி. பிறகு சொத்துக் கிடைத்து உமாராணியாகத் திரும்பியதும், அதே புருஷன் அவள் தன்னோடு வந்து வாழவேண்டுமென்று கோர்ட்டில் வழக்குப் போடுகிறான். “வேண்டுமானால் அவருக்கு ஜீவனாம்சம் தருகிறேன், கூட வாழமாட்டேன்” என்பதே அவள் பதில். 1940-ல் வெள்ளைக்கார சர்க்கார் படத்தைத் தடுத்தது தேசியப் பிரசாரத்துக்காக. வைதிகர்களை உறுத்தியிருக்கவேண்டியது அந்த ஒரு வாக்கியமே என்போம்.

குறையையும் மறைப்பதற்கில்லை. முடிவில் சாவித்திரி தேசத்தொண்டில் இறங்குகிறாள். புருஷனும் மனம் திருந்தி அதே தொண்டுக்கு வருகிறான். கொடுமையிலிருந்து தப்பின பெண் தனக்காகவே வாழ்ந்தால் என்ன குற்றம்? அதற்குத் தேசத்தின் பேரால் அனுமதிச்சீட்டு எதற்கு?

சினிமாக் கதைதானே என்று தள்ளவேண்டாம். 1887-ல் பம்பாயில் ருக்மாபாய் என்ற பெண்ணுக்குப் புருஷனிடம் போ, இல்லையேல் ஜெயிலுக்குப் போ என்று கோர்ட் உத்தரவிட்டது. ஜெயிலே மேல் என்றார் அவர். கடைசியில் புருஷன் 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு விலகினான். ருக்மாபாயோ டாக்டரானார். 1955-ம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டம் ஜெயிலைச் சொல்லவில்லையானாலும், ‘சேர்ந்து வாழ்’ என்று உத்தரவிடும் அதிகாரத்தை 9-வது பிரிவில் வைத்துக்கொண்டது. 1983-ல் சரிதா என்ற நடிகையின் வழக்கில், இப்பிரிவு செல்லாதென்று ஆந்திர ஹைக்கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. அடுத்த வருஷமே, 1984-ல், செல்லுமென்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பிரிவு இன்றும் இருக்கிறது.

“இது ஆண் பெண் இருவருக்கும் பொதுவல்லவா? உத்தரவை ஒரு வருஷம் மீறினால் விவாகரத்துக் கேட்கலாமே?” என்பார்கள். எழுத்தில் பொதுதான். வீடு யார் பேரில், சம்பாத்தியம் யார் கையில், பிள்ளையைச் சுமப்பது யார் வயிறு என்று பார்த்தால், பொதுவின் யோக்கியதை விளங்கும்.

சாவித்திரி அப்படிப் பேசமுடிந்தது எதனால்? கையில் சொத்து இருந்ததனால். 1929 செங்கற்பட்டு மகாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று சுயமரியாதைக்காரர்கள் தீர்மானித்ததும் இதற்காகவே. 1989-ல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு சட்டமாயிற்று. 2005-ல் இந்தியா முழுவதும் ஆயிற்று. ஆனால் நம் ஊர்களில் நடப்பதென்ன? சீர் செய்தாயிற்றென்று சொல்லி, அக்காளிடமும் தங்கையிடமும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். அடிபட்டு அவள் திரும்பி வந்தால், “அனுசரித்துப் போ” என்று பஸ் ஏற்றி விடுகிறோம்.

அக்காள் புருஷனுக்காகக் கயிற்றைப் பிடித்த மைத்துனர்களின் ஊர் இது. தோழர்களே, அக்காள் கயிற்றை ஆட்டும்போது மட்டும் அடியிலேயே கிட என்று சொல்லலாமா? பத்திரத்தைக் கிழித்தெறியுங்கள்; கயிற்றைப் பிடித்துத் தூக்குங்கள்.